வாசற்படியில் பார்த்த ஒற்றை இலை

தொண்ணூறுகளில் பதுளையில் வேலை பார்த்தபோது என்னை "வாங்க" என்று கூப்பிட ஒரே ஒரு வீடுதான் இருந்தது. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் லயத்து வீடு, தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. நான் யாழ்ப்பாணத்தான். பயிர்நோய் பார்க்கும் உத்தியோகம். சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டிக் கிடந்தது, கடிதமும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை அறையில் ஒரு சொல் பேசாமல் பொழுது போகும்.

அக்கா லயத்துக்குப் பின்னால் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். ஒருநாள், சுருங்கி மஞ்சள் திட்டுப் பிடித்த இலை ஒன்றைப் பறித்துவந்து நீட்டினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"துத்தநாகச் சத்து காணாது அக்கா. மருந்து தாறன், அடியுங்கோ. பயப்பிடாதேங்கோ."

"பயப்பிடாதேங்கோவாம்! ஐயா பேசுறது ரேடியோ நாடகம் மாதிரியே இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எழுந்து பின்பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும். மண்ணில் சத்துக் குறைந்தால் பக்கத்துப் பக்கத்துக் கொடிகள் சேர்ந்து வெளிறும். வைரஸ் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பிடிக்கும். இதைப் படித்துத்தான் சம்பளம் வாங்கினேன். தேநீர் ஆறிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மழைக்குக் கொடிகள் தளிர்த்தன. மருந்து வேலை செய்ததென்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். அந்த மழையிலேயே தண்டு வெட்டி லயத்தில் எட்டு வீட்டுக்கு நடக் கொடுத்தார். தண்டோடு நோயும் போனது. அடுத்த வெயிலில் எட்டு வீட்டிலும் இலை சுருண்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இலைகளை ஈரப் பேப்பரில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, காலை ரயிலில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். சிறு குழிகள் உள்ள தட்டில் இலைச்சாற்றை விட்டுச் சோதிப்பார்கள். வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். அக்கா வீட்டு இலையின் குழிதான் முதலில் மஞ்சளானது.

வைரஸுக்கு மருந்து கிடையாது. கொடியை அடியில் வெட்டி எரிக்க வேண்டும். அடி மறுபடி தளிர்த்தால் அதையும் பிடுங்க வேண்டும். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மருந்து போதவில்லை என்று ஒரு பொய் சொன்னால் அந்த வாசற்படி எனக்கு மிஞ்சும். ஆனால் நோய் அடுத்த லயத்துக்கும் போகும்.

போய்ச் சொன்னேன்.

"அப்ப போன வருசம் சத்து இல்லேன்னது யாருங்க?"

"நான்தான் அக்கா. கொடியைப் போய்ப் பாராமல் சொன்னனான். என்ர பிழை."

"ஒங்கள நம்பித்தானே எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தேன். இனி அவுங்க மூஞ்சில எப்பிடிங்க முழிப்பேன்?"

அவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கொடிகளை அடியில் வெட்டினார். நான் இழுத்துக் குவித்துத் தீ வைத்தேன். பிறகு என்னை எட்டு வீட்டுக்கும் கூட்டிப்போனார். ஒவ்வொரு வாசலிலும் "சொல்லுங்க" என்றார். எட்டுத் தடவை சொன்னேன், எட்டுத் தடவை ஏச்சு வாங்கினேன். அவரை ஒருவரும் ஏசவில்லை.

அன்றைக்கு யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதன்பிறகும் மாதம் ஒருமுறை போனேன், வெட்டிய அடியில் மறுபடி தளிர்க்கிறதா என்று பார்க்க. அக்கா கதவில் நின்று பார்ப்பார். நான் நேரே பின்பக்கம் போய், ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடப்பேன்.