ஓரத் தேய்மானம்

ஷூ கடைக்கு என்னை அழைத்துப் போவதை என் மகள் நிறுத்திவிட்டாள். அவள் கூடைப்பந்து ஆடுகிறாள், அதுவும் வெயிலில் காயும் சிமெண்டுத் தரையில். போன வருஷம் அவளுக்கு ஷூ வாங்கப் போன இடத்தில் நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, ரப்பரை முகர்ந்து, குதிகாலைப் பிடித்து நசுக்கி, நடுவில் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்த்தேன். விற்பனையாளர் பயந்துபோய் மேனேஜரைக் கூட்டி வந்தார். "சாருக்கு ஷூ வேணுங்களா, இல்ல எங்ககூட ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டார் மேனேஜர். மகள் அதற்குள் எதிர்க்கடைக்குப் போய், என்னை யாரென்றே தெரியாத முகத்தோடு வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வித்தையெல்லாம் அப்பாவிடம் கற்றது. ஆனால் முதன்முதலில் நான் இதைப் பயன்படுத்தியது ஷூ வாங்குவதற்காக அல்ல, இன்னொருவனுடைய ஷூவை ஒழித்துக்கட்டுவதற்காக.

ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவே ரோட்டோரமாக அப்பா டயர் ரிசோல் கடை வைத்திருந்தார். தேய்ந்து மொட்டையான லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, திரும்ப ரோட்டுக்கு அனுப்புகிற தொழில். பெரியப்பா போர்வெல் ரிக்கோடு வடக்கே போனவர், வருஷத்தில் பத்து மாதம் யார் யாருடைய காட்டிலோ தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல். பெரியப்பா மகனும் நானும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவன் என்னைவிடப் பதினொரு நாள் மூத்தவன். அந்தப் பதினொரு நாளுக்காக நான் அவனை 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும். பதினொரு நாளில் ஒரு குழந்தைக்குத் தொட்டிலில் அப்படியென்ன அறிவு வந்திருக்கும் என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்திருக்கிறேன். "கூப்புட்டா வாய் தேஞ்சா போயிரும்?" என்பாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தேய்மானக் கணக்குத்தான்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தைப் போட்டவர்கள், பிள்ளைகள் வழுக்கி விழக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சிமெண்டு காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். அதனால் நாங்கள் வழுக்கி விழவில்லை, தடுக்கி விழுந்தோம். கான்வாஸ் ஷூ அதில் இரண்டு மாதம் தாங்கும். அதன்பிறகு கட்டைவிரல் வெளியே வந்து தானும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

இப்படி எல்லோரும் சமமாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெரியப்பாவின் ரிக் லாரி ரிப்பேருக்காக ஊர் வந்தது. பெரியப்பா வரவில்லை. டிரைவர் ஒரு அட்டைப் பெட்டியை நீட்டி, "மொதலாளி பையனுக்குக் குடுக்கச் சொன்னாருங்க" என்றார். உள்ளே கணுக்கால்வரை ஏறும் வெள்ளை ஷூ. பக்கவாட்டில் சிவப்புப் பட்டை. மேலே மெத்தை வைத்துத் தைத்தது. எனக்கு உடனே வயிறு வலித்தது. அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். ஓமத்துக்கு அடங்குகிற வியாதியா அது?

அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்த தினுசு இன்னும் மோசம். மேலே இருக்கும் மூன்று கண்களுக்கு லேஸே கோக்கவில்லை. கணுக்கால் பட்டி திறந்து, சட்டைக் காலர் மாதிரி விரிந்து நின்றது. வடக்கே இப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் வாய் பிளந்தோம். ஒரே வாரத்தில் டீம் முழுக்க லேஸை அவிழ்த்துவிட்டது. நானும் என் கிழிந்த கான்வாஸில் மூன்று கண்ணை அவிழ்த்தேன். அதில் இருந்ததே நாலு கண்தான். பந்தை எடுக்கக் குதித்தபோது ஷூ என்னைவிட உயரமாகக் குதித்து, பி.டி. சாரின் தோளில் போய் இறங்கியது.

எனக்கும் ஷூ வேண்டும் என்று உண்ணாவிரதம் தொடங்கினேன். ஒன்றரை வேளை நீடித்தது. அப்பா மறுப்பே சொல்லவில்லை. "வாங்குவோம். ஆனா சிமெண்டுத் தரைக்குத் தாங்கறதாப் பாத்து வாங்கோணும்" என்றார். அதில் ஒளிந்திருந்த ஆபத்து எனக்குப் புரியவில்லை.

சேலத்துக் கடையில் நான் கை காட்டியதெல்லாம் வெள்ளை. அப்பா ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார்.

"இது எந்த ரோட்டுக்கு ஓடுமுங்க?"

"ரோட்டுக்குங்களா? இது பாஸ்கெட்பால் ஷூங்க" என்றார் கடைக்காரர்.

"அது தெரியுதுங்க. மரத்தரைக்கா, சிமெண்டுக்கா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலுக்குங்க" என்றார்.

அப்பா அடிப்பக்கத்தில் நகத்தை அழுத்தினார். "பாருங்க, நகம் எறங்குது. இது பளபளன்னு இருக்கற உள்தரைக்குச் செஞ்சது. நம்ம சிமெண்டு இதை ரண்டு மாசத்துல மொட்டை அடிச்சிரும்." அடுத்ததை முறுக்கினார், அது சுருண்டது. "நடுவுல நெஞ்செலும்பே இல்ல. எறங்கும்போது காலைத் தாங்காது." இன்னொன்றின் குதிகாலை அமுக்கினார், உள்ளே போனது. "பின்னாடி புடிப்பு இல்லைன்னா கால் ஆடுமுங்க." கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் தங்கள் கையிலிருந்த ஷூவைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைக்காரருக்கு எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

கறுப்பு. கட்டியான அடி. விரல் நுழைகிற ஆழத்தில் வெட்டு. சுற்றிலும் ஒட்டோடு சேர்த்துத் தையல். கணுக்காலைச் சுற்றி மடங்காத பட்டை. நகத்தை அழுத்தினால் நகம்தான் வலித்தது. மண்ணில் வைத்து எடுத்தால் டிராக்டர் போன தடம் விழும். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்த மாதிரி என் ரேங்க் கார்டைப் பார்த்துக்கூடச் சிரித்ததில்லை.

மறுநாள் தளத்தில் கால் வைத்ததும் யாரோ ஒருத்தன் கத்தினான்: "டேய், ஒதுங்குங்கடா, பத்துவீல் லாரி வருது!" அன்றிலிருந்து என் பெயர் பத்துவீல். நான் பந்தோடு ஓடினால் வாயாலேயே ஏர் ஹாரன் அடித்தார்கள். அவனும் சிரித்தான், மூன்று கண் அவிழ்ந்த வெள்ளை ஷூவில் நின்றுகொண்டு. அவன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று அவன் குளிக்கப் போன நேரத்தில் வாசற்படியில் கிடந்த வெள்ளை ஷூவைக் கவிழ்த்து நகத்தை அழுத்தினேன். இறங்கியது! வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு மாதத்தில் மொட்டை. ஆனால் எனக்கு இரண்டு மாத அவகாசம் இல்லை. மண்டல ஆட்டத்துக்கு டீமில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. "உங்க ரண்டு பேர்ல ஒருத்தன்" என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். தேர்வுக்கு ஐந்து வாரம்தான். எனவே இயற்கைக்குக் கொஞ்சம் உதவ முடிவு செய்தேன்.

"அண்ணா, காத்தால தார் ரோட்டுல ஓடுனா நல்லா மூச்சுப் புடிக்குமாம்" என்றேன். காரியம் ஆக வேண்டுமென்றால் அந்த 'அண்ணா' தேனாக வரும்.

"ஷூ போட்டுக்கிட்டா?"

"போட்டுக்கிட்டுத்தான். அப்பத்தான காலுக்கும் ஷூவுக்கும் பழகும்?"

"ஓடுனா இளகிக் குடுக்குமாடா?" என்று கேட்டான். எது இளகும், ஏன் இளக வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "நல்லா இளகும்" என்றேன்.

தினமும் விடிந்ததும் ஓடினான். நான் சைக்கிளில் பின்னாலேயே போய், "இன்னொரு மைலு, இன்னொரு மைலு" என்று உற்சாகப்படுத்தினேன். ஊரில் பார்த்தவர்களெல்லாம் அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பாராட்டினார்கள்.

அப்பா கடையில் டயர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, வெட்டுக்குள் தீக்குச்சியை விட்டு நகத்தால் அடையாளம் போடுவார்கள். நானும் ஞாயிறுதோறும் அவன் ஷூவின் வெட்டுக்குள் குச்சி விட்டு, அடையாளம் வைத்து, ஜாமெட்ரி பாக்ஸில் சேர்த்தேன். ஐந்து குச்சிகள். அடையாளம் வாரா வாரம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு ஷூவிலும் வெளி ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்வதைப் பார்த்தேன். அதைக் கடவுள் தந்த உபரி என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு அன்று, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காக இரண்டு பேரும் குதித்தோம். நான் பத்துவீல் கணக்காகப் பொத்தென்று இறங்கி நின்றேன். அவன் இறங்கியபோது பாதம் வெளிப்பக்கமாக மடங்கியது. கத்தவில்லை. உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். நான்தான் கத்தினேன்.

என் மூளை எப்போதும் தேவையில்லாத வேளையில்தான் வேகமாக வேலை செய்யும். அடி தேய்ந்தது, வழுக்கியது, எலும்பு முறிந்தது, போலீஸ் வந்தது, என்னைச் சீர்திருத்தப் பள்ளிக்குக் கூட்டிப் போனது எல்லாம் அரை நிமிஷத்தில் நடந்து முடிந்தன. மற்ற பையன்கள் அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதும் நான் வகுப்புக்கு ஓடி, சாட்சியங்களை அழிக்கும் பொருட்டு ஐந்து குச்சியையும் சேர்த்துக் கொளுத்தினேன். புகை மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டிருந்தபோது பி.டி. சார் உள்ளே வந்தார்.

"பீடியாடா?"

சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரியது தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன். "ஆமாங்க சார்" என்றேன். இரண்டு அறை. நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குப் போனால் அவன் கட்டிலில் கிடந்தான். கணுக்கால் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. பெரியம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்த அப்பா அவனைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த வெள்ளை ஷூவை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார்.

"நான்தானுங்கப்பா! நான்தான் தார் ரோட்டுல ஓடச் சொன்னேன்! தேயட்டும்னுதான் சொன்னேன்! குச்சி வெச்சு அளந்தேன்! பீடி குடிக்கலீங்க!"

அப்பா நிமிரக்கூட இல்லை. "அக்கட்டால தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத" என்றார். விரலால் ஷூவின் ஓரத்தைத் தடவினார். "ஒரு ஓரமா தின்னிருக்குது. அலைன்மெண்ட் சரியில்லாத வண்டிதான் இப்படித் தின்னும்." கையை ஷூவுக்குள் விட்டு நுனிவரை துழாவினார். முன்பக்கத்து உள்துணி கிழிந்து தொங்கியது. அப்புறம் அவனுடைய இன்னொரு காலின் சாக்ஸை மெல்லக் கழற்றினார். இரண்டு விரல் நகங்கள் கறுத்துச் செத்திருந்தன.

ஷூவைப் பாதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பாதம் ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது.

"எத்தன நாளா சாமி?"

"வந்ததுலருந்துங்க சித்தப்பா."

"அதான் மேல லேஸ் கட்டலியா?"

"கட்டுனா கால் உள்ளார போகாதுங்க."

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா வாங்குனதுங்க" என்றான். பெரியம்மா ஒத்தடத் துணியை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு விஷயம் துலங்கியது. கணுக்கால் பட்டியைக் கட்டாததால்தான் கால் மடங்கியது. என்னால் அல்ல! விரலை மடக்கிக்கொண்டு பாத ஓரத்தில் ஓடியதால்தான் ஓரம் தேய்ந்தது. நான் நிரபராதி. அன்று ஏழு தோசை சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. அவன் என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தான். தார் ரோடு விவகாரத்தைச் சொல்லிவிடுவானோ என்று நான் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். "இல்லீங்கப்பா, சும்மா சுளுக்குத்தானுங்க... ஷூவுங்களா? கச்சிதமா இருக்குதுங்கப்பா" என்றான். பக்கத்தில் ரப்பர் அறுத்துக்கொண்டிருந்த அப்பா கத்தியை நிறுத்தினார். அப்புறம் ஒன்றும் கேட்காதவர் போல மறுபடி அறுக்கத் தொடங்கினார். என்னை மாட்டிவிடவில்லையே என்ற சந்தோஷத்தில் அவன் பொய்யை நான் மனசாரப் பாராட்டினேன்.

டீமில் இடம் எனக்கே கிடைத்தது. மண்டல ஆட்டத்தில் நாலு நிமிஷம் ஆடினேன். அந்த நாலு நிமிஷத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது பள்ளியின் கௌரவத்துக்கு நல்லது.

வீக்கம் வடிந்த பிறகு ஒருநாள் அப்பா அவனைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே பஸ்ஸில் ஏறினேன். என் அப்பா, அவனுக்கு ஷூ வாங்கப் போகிறாராம்! வயிற்றுக்குள் பழைய வலி மறுபடி வந்தது.

கடையில் அப்பா ஸ்டூலில் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஷூவை மாட்டி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். "இங்க முட்டுதா கண்ணு?" என்றார். "இல்லீங்க சித்தப்பா." "இக்கட்டால?" "இல்லீங்க." "வெக்கப்படாமச் சொல்லோணும். முட்டுனா வேற பாக்கலாம்." ஒவ்வொரு கண்ணாக லேஸைக் கோத்து, மேல்வரை இழுத்துக் கட்டினார். நாலு ஜோடி மாற்றினார். நாலு தடவையும் அதே மாதிரி மடியில் வைத்து, அதே மாதிரி கேட்டார்.

எனக்கு வாங்கிய அன்று அவர் என் காலைத் தொடவே இல்லை. கடை வாசலில் ஏறும்போதே "ஆறாம் நம்பர்" என்று சொல்லிவிட்டார். போட்டுப் பார்க்கச் சொன்னாரா என்பதுகூட நினைவில்லை. அது எனக்குக் கச்சிதமாக இருந்தது. அதையெல்லாம் அப்போது நான் எங்கே யோசித்தேன்? என்னிடம் ஒரு தடவைகூட 'முட்டுதா கண்ணு' என்று கேட்கவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அப்பா குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். சுளுக்கு இன்னும் விடவில்லை போலிருக்கிறது, நல்லா வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.