தராசுத் தட்டுக்கு அடியில் இருந்த காலணா

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. யாரோடும் அதிகம் பேச மாட்டேன். சந்தையில் பழைய காசு கண்ணில் பட்டால் மட்டும் நின்று வாங்கிவிடுவேன். எல்லாம் ராஜா தலை போட்ட செல்லாத செம்புக் காசுகள். சில வருடங்களில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்தது. அவற்றுக்கு மதிப்பு உண்டு என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

1989 பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என் மனைவியின் அண்ணன் அந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"எம்புட்டுக் கனம் மாப்ள! பாத்திரக் கடையில எடைக்குப் போட்டா தங்கச்சிக்கு ஒரு பித்தளைச் சட்டி வரும்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். "பொங்கலுக்குள்ள ஒரு ஆளாவது வெல சொல்லட்டும். இல்லைன்னா நானே போட்டுருவேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில், தாலுகா ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்ற ஒருவர் பழைய காசு சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிறு காலையில் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடுவார்களாம். முதல் நாளே உட்கார்ந்து, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் டப்பாக் காசு அத்தனையையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். புதுசாக மின்னின.

பெரியவர் டப்பாவைத் திறந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாரு தம்பி இப்பிடித் துலக்கச் சொன்னது? காசோட தோலையே உரிச்சுட்டீங்களே! அழுக்கோட கொண்டாந்திருந்தா இதுல பத்துக் காச நானே எடுத்திருப்பேன்."

டப்பாவை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் மச்சான் காத்திருந்தார். "என்ன மாப்ள, உம்ம டப்பாவ மியூசியத்துல வைக்கப் போறாகளாமா?"

மனைவி பக்கத்தில் வேர்க்கடலை நிறுத்துக்கொண்டிருந்தாள். அவள் தராசைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. அதன் ஒரு தட்டு எடை குறைவு. சரிக்கட்ட, முன்பு ஒரு காலணாவை அரக்கு வைத்து அடியில் ஒட்டியிருந்தேன். புளியைப் பார்க்காத காசு அது ஒன்றுதான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, தட்டையே கழற்றிக்கொண்டு கிளம்பினேன். "பாதித் தராசுக்கு அரை டிக்கெட்டா அண்ணாச்சி?" என்று கண்டக்டர் சிரித்தார்.

பெரியவர் தட்டை லேசாக நெருப்பில் காட்டினார். அரக்கு இளகிக் காசு கழன்றது. ராஜா தலை இருந்த பக்கம்தான் இத்தனை நாள் அரக்குக்குள் இருந்தது. கொஞ்சமும் தேயவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"1911. ராஜா அங்கியில இருக்கிற ஆனையப் பாருங்க."

பார்த்தேன். தும்பிக்கை குட்டையாக, பன்றி மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அந்தக் காலத்தில் ஜனங்கள், காசில் பன்றியா என்று கோபப்பட்டார்களாம். மறு வருடமே யானையை மாற்றிவிட்டார்களாம்.

"சேக்குறவுக தேடுற காசு. எண்பது ரூவா தாரேன்" என்றார்.

"நான் நூறு" என்றார் செட்டியார்பட்டியிலிருந்து வந்திருந்த நூல் வியாபாரி.

எனக்குக் காது சுட்டது. கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிறவன் நான். ஆனாலும் சொல்லிவிட்டேன்: "நூத்தம்பது. இல்லைன்னா திரும்பவும் தட்டுலயே ஒட்டிருவேன்."

கூடியிருந்தவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே நூற்றைம்பதையும் என் கையில் வைத்தார்.

வரும் வழியில் பால்கோவாவும் ஒரு பித்தளைச் சட்டியும் வாங்கினேன். எடைக்குப் போட்டு அல்ல, ரூபாய் கொடுத்து. சட்டியை மச்சான் முன்னால் வைத்தேன்.

"ஒத்தக் காசுக்கா மாப்ள?"

"ஒத்தக் காலணாவுக்கு."

அவர் கை தானாக டப்பா பக்கம் போனது. மனைவி சட்டென்று அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "தொட்டுப் பாரு அண்ணே, கைய ஒடிச்சிருவேன்!"

துலக்கிய காலணாக்களில் ஒன்றைத் தட்டுக்கு அடியில் ஒட்டினேன். முள் நடுவில் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

12 ஜனவரி 1996