ஒரு வருத்தமும் இல்லை

"ஆர் கண்டது?" என்று கேட்டுக்கொண்டே தவமணி மூங்கில் குழாயைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினாள். மரவள்ளி மாவுப் பிட்டு ஆவி பறக்க வாழையிலைத் துண்டில் வந்து விழுந்தது.

எதிரே பசியோடு நின்றவன் சிக்கந்தர். கிடங்குத் தெருவில் மூட்டை தூக்குகிறவன். பிட்டு வேகும்வரை சும்மா நிற்க முடியாமல் ஒரு செய்தியை அவிழ்த்து விட்டிருந்தான். லங்காவிப் பக்கம் வெள்ளைக்காரன் கப்பல் வந்து நிற்கிறதாம்.

"எல்லாரும் பேசிக்கிறாங்க லா, அக்கா."

"எல்லாரும் கதைப்பினம். நீர் கண்டனீரோ?"

"நான் எங்கக்கா பாத்தேன்? மீன்காரன் சொன்னான்."

"மீன்காரன் கண்டவனோ?"

"அவன் மச்சான் பாத்தானாம்."

"அப்ப அந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு வாரும். அவருக்குப் பிட்டுச் சும்மா குடுக்கிறன்."

சிக்கந்தர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஜப்பான் போலீஸ் கெம்பித்தாய்க்காரன்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டான்க்கா."

"அவன் அடிச்சுக் கேப்பான். நான் பிட்டுக் குடுத்துக் கேக்கிறன். இந்தாரும், பிடியும்."

பினாங்கில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்த அஞ்சடி நடைபாதையில் தவமணியிடம் பிட்டு வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இந்த விசாரணை உண்டு. மாவைச் சல்லடையில் இரண்டு தரம் அரிப்பாள். ஒவ்வொரு தரமும் மோந்து பார்ப்பாள். புளித்த வாடை வந்தால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. மூட்டை தூக்குகிறவனையும் முடி வெட்டுகிறவனையும் 'நீர்' என்பாளே தவிர, 'நீ' என்பது அவள் வாயில் வராது. கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினால் மலேரியா அண்டாது என்று யாரோ சொன்னபோது, "அப்ப ஐயர் ஏன் போன கிழமை நடுங்கிக்கொண்டு கிடந்தவர்?" என்று கேட்டாள். சொன்னவர் அடுத்த நாளிலிருந்து எதிர்ச்சாரியில் அப்பம் வாங்கத் தொடங்கினார்.

சண்டைக்கு முன்னால் அவள் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி கந்தப்புவின் மனைவி. அரசாங்க வீட்டில் ஜன்னலுக்குத் திரை போட்டு வாழ்ந்தவள். ஜப்பான்காரன் வந்தான். சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களை அள்ளினான். அள்ளிய ஆட்களுக்குக் கணக்கெழுத கந்தப்புவையும் அள்ளினான். அக்கரையில் இருக்கும் பிறைக்குப் போகிற பெர்ரியில் ஏறும்போது அவர் "கெதியா வாறன்" என்றார். அதன்பின் கடிதம் இல்லை. ஓராண்டு கழித்து, முனுசாமி என்றொருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். கண்ணாடி போட்ட உயரமான சிலோன் கிராணி ஒருவர் வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னார்.

"நீங்கள் கண்டனீங்களோ, அண்ணை?"

"இல்லம்மா. அது வேற கேம்ப். பேசிக்கிட்டாங்க."

"கண்ணாடி போட்ட சிலோன் கிராணி எத்தினை பேர் போனவை?"

முனுசாமிக்குத் தெரியவில்லை. தவமணி அவருக்கு இரண்டு பங்கு பிட்டு வைத்துச் சாப்பிடச் சொன்னாள். மறுநாள் விடியலில் வழக்கம்போல மாவு அரித்தாள். அழவில்லை. அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் பார்க்க வந்த உறவுக்காரர்களை, "செத்தவைக்குத்தான் அது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அழுகை வராமல் இல்லை. ஆனால் ஒரு சொட்டு விழுந்தாலும் அதையே அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஐயரைக் கூட்டி வந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. பல்லாயிரம் பேரை வாரிக் காட்டில் கொட்டியவனைப் பைத்தியம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அழாத ஒரு பெண்ணைச் சொல்ல எல்லாருக்கும் வாய் இருந்தது.

கந்தப்புவின் தம்பி குலசேகரம் கெட்டவர் அல்ல, பயந்தவர். முதலில் அவரும் ஒரு கயிறு மந்திரித்துக்கொண்டு வந்தார். தவமணி அதை மாவுத் தகரத்தின் உடைந்த மூடியைக் கட்டி வைக்கப் பயன்படுத்திக்கொண்டாள். பிறகு ஒரு நாள், "மலேரியாச் சோதினை, அண்ணி. எல்லாரையும் பாக்கினம்" என்று சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் சீனர். தமிழ் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த டிரஸ்ஸர் தங்கராஜு தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் சொன்னார். வட்டமும் சதுரமுமான மரக்கட்டைகளைப் பலகைப் பள்ளங்களில் பொருத்தச் சொன்னார்கள். பொருத்தினாள். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். எண்ணினாள். இது எந்த வருஷம் என்று கேட்டார்கள்.

"ஆற்றை கணக்கிலை கேக்கிறீர்? எங்கடை கணக்கிலையோ, யப்பான்காரன்ரை கணக்கிலையோ?"

அது வம்புக்குக் கேட்டதல்ல. 1944 என்று சொன்னால் கன்னத்தில் அறை விழுந்த காலம். ஜப்பான் கணக்கில் 2604 என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையவில்லை.

"வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

"சயாமிலை."

"அவரு போனதுலேருந்து வருத்தமா இருக்கா?"

"சீச்சீ. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல சுகமா இருக்கிறன்" என்று சொல்லித் தவமணி சிரித்தாள். தங்கராஜுவின் பேனா நின்றுவிட்டது.

முடிவைக் குலசேகரம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, உங்களுக்கு... புத்தி கொஞ்சம் தடுமாறியிருக்காம். சனிக்கிழமை அக்கரைக்கு அனுப்பப் போகினமாம். அங்கை இதுக்கெண்டு ஒரு ஆஸ்பத்திரி இருக்குதாம்."

அந்த இடத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். அரிசி அங்கே ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. போன ஆட்களும் திரும்பி வருவதில்லை.

தவமணி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "எந்தக் கேள்விக்கு நான் பிழையாச் சொன்னனான்?"

"டாக்டர்மார் சொன்னாச் சரியாத்தானே இருக்கும், அண்ணி."

"உம்மட்டை நான் டாக்டரைக் கேக்கேல்லை. கேள்வியைக் கேட்டனான்."

மறுநாள் அடுப்பு எரியவில்லை. வெயில் ஏறுவதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குலசேகரம் குடையோடு பின்னால் ஓடி வந்தார். டாக்டரின் அறையில் தங்கராஜு அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அக்கா, வீட்டுக்குப் போங்க. இங்க சத்தம் போட்டா எங்களுக்கும் தொல்லை, சூசா லா."

"நான் சத்தம் போடேல்லைத் தம்பி. நீர் கேட்டனீர், நான் சொன்னனான். எது பிழை எண்டு சொல்லும். போறன்."

தங்கராஜு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"வருஷம் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலைக்கா."

"நீர் இப்ப சொல்லும் பாப்பம், என்ன வருஷம்? உரத்துச் சொல்லும்."

தங்கராஜு வாசலைப் பார்த்தார். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனார். "அதை விடுங்கக்கா. புருஷன் விஷயம். ஊரே அவரு போயிட்டாருன்னு சொல்லுது. நீங்க வருத்தமே இல்லை, சொகமா இருக்கேன்னு சிரிக்கிறீங்க. எந்தப் பொம்பளைக்கா அப்படிச் சொல்லுவா?"

"எனக்கு என்ன வருத்தம்? காய்ச்சலோ? வயித்தோட்டமோ? மலேரியாச் சோதினை எண்டுதானே இவர் கூட்டிக்கொண்டு வந்தவர்!"

தங்கராஜுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குலசேகரத்துக்கு விளங்கிவிட்டது. குடையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டிரஸ்ஸர் ஐயா, எங்கடை ஆக்களுக்கு வருத்தம் எண்டா நோய். சுகம் எண்டா நோயில்லை. அவ்வளவுதான். மலேரியா எண்டு பொய் சொன்னதும் நான்தான்."

"அப்போ மனசு கஷ்டத்துக்கு என்ன சொல்வீங்க?"

"கவலை."

தங்கராஜு மெல்ல உட்கார்ந்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதுவரை எத்தனை யாழ்ப்பாணத்தாரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்? அவர்களில் எத்தனை பேர் எந்தச் சனிக்கிழமை அக்கரைக்குப் போனார்கள்? இரண்டு பக்கமும் பேசியது தமிழ்தான். ஒரே ஒரு சொல்லை மறுபடி விசாரிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. விசாரிக்காமல் ஆளை அனுப்ப மட்டும் நேரம் இருந்தது.

அவர் எழுந்து போய் டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தவமணியின் முகத்தை நேராகப் பார்த்தார். இங்கிலீஷையும் விட்டார், டிரஸ்ஸரையும் விட்டார். பாசார்ச் சந்தையில் மீன் வாங்குகிற மலாயில் கேட்டார்:

"ஹாத்தி சூசா கா?"

மனசுக்குக் கஷ்டமா என்று கேட்டார். தவமணிக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முனுசாமி வந்து போன நாளிலிருந்து அழு என்றார்கள், வெள்ளை உடு என்றார்கள், கயிறு கட்டு என்றார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"சூசா, டாக்டர்" என்றாள். "பாஞா சூசா."

ரொம்பக் கஷ்டம் என்று சொன்னதோடு மலாய் தீர்ந்துவிட்டது. மீதி தமிழில்தான் வந்தது. "அவருக்கு மரவள்ளி ஒத்துவராது. ஒரு வாய் திண்டாலே வயித்திலை கொதிக்கும். அங்கை என்ன குடுக்கினமோ... இஞ்சை நான் விடிஞ்சா எழும்பி உந்த மரவள்ளியைத்தானே அவிக்கிறன். ஒவ்வொரு குழலுக்கும் அதுதான் நினைவு..."

தங்கராஜு இதை இங்கிலீஷில் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. அவர் தாளை இழுத்து, சனிக்கிழமை போகிறவர்களின் பெயர்களில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். "கீலா இல்லை" என்று, பைத்தியம் இல்லை என்பதைத் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை மலாயோடு கலந்து சொல்லிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

தவமணி உட்கார்ந்தாள். அடக்கி வைத்ததெல்லாம் சத்தமில்லாமல் இறங்கிக் கன்னமும் மோவாயும் நனைந்தன. குலசேகரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானை நுனியை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். கண்ணை, கன்னத்தை, பிறகு வியர்த்திருந்த நெற்றியை. நெற்றிக்கு வந்ததும் கை நிதானித்தது. நடுவில் இருந்த குங்குமப் பொட்டில் துணி படாமல், அதைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தாள்.