காந்தாரம் இல்லாத சுருதி

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், சாரல் காலத்தில், தென்காசியில் முகாமிட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் நான் படுதா இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டினேன். அதற்கும் முன்னால் புனலூர்ப் பக்கம் ஓட்டுச் சூளையில் மண் மிதித்தேன். பிறந்தது இலத்தூர்தான் என்றாலும் அங்கே எனக்கென்று யாரும் இல்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது.

கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த பொருள் ஒரு கித்தார். கடை மாடியில் குடியிருந்த பறங்கிக்காரர் ஊரைவிட்டுப் போனபோது அதை விட்டுவிட்டுப் போனார். அதன் கழுத்து சற்று வளைந்திருந்தது. தந்திகளை முறைப்படி ஏற்றினால் அவற்றைத் தாங்கும் குதிரைக் கட்டை பிய்ந்துவிடும்போல் முனகும். ஆகவே அவர் சில பாட்டுகளுக்குச் செய்ததுபோல நானும் தந்திகளைத் தளர்த்திவைத்தேன். கீழிருந்து சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், காந்தாரம், பஞ்சமம், சட்ஜம். விரலே வைக்காமல் ஆறையும் ஒருசேரத் தடவினால் ஒரு கூட்டொலி எழும். சுரங்களின் பெயர்களெல்லாம் கம்பெனிக்கு வந்தபிறகு காதில் விழுந்து தெரிந்துகொண்டவை. சுருதி ஒரு கட்டைக்கு இறங்கியிருந்தது. கம்பெனியின் ஆர்மோனியமோ ஐந்து கட்டை. அதனால் கித்தாரை யாரும் பொருட்படுத்தவில்லை. துணி மூட்டைகளோடு அது கிடந்தது.

கம்பெனியில் ஸ்திரீபார்ட்டாகப் பெண் வேஷம் போட்டவன் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். எனக்கு ஒரு வயது இளையவன். ஏழு வயதில் கம்பெனியில் விடப்பட்டவன்; வேறு தொழில் தெரியாது, வேறு வீடும் கிடையாது. பல பேருக்கு முன்பே உடையும் குரல் அவனுக்கு இருபத்திரண்டு வயதுவரை தாங்கியிருந்தது. தென்காசியில் முதல் நாள் நாடகத்திலேயே அது போயிற்று. மேல் சுரத்தில் நின்றபோது குரல் இரண்டாகப் பிளந்தது. தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன், "ஏட்டி, அருவியில ரொம்ப நேரம் நின்னுட்டியோ?" என்று கேட்டான். கொட்டகை முழுவதும் சிரித்தது.

ஆர்மோனியக்காரரிடம் சுருதியை இறக்கச் சொல்லிக் கேட்டான். கட்டை குறைந்தால் கடைசி வரிசைக்கு எட்டாது என்று அவர் மறுத்துவிட்டார். ஒலிபெருக்கி வராத காலம்; தகரக் கூரையில் சாரல் விழும் ஊர். அவர் சொன்னதில் தப்பில்லை.

முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரு கெடு வைத்தார். முகாம் முடிவதற்குள் ஒரு பாட்டுக்காவது ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்கவேண்டும். கேட்டால் கம்பெனியில் இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த ஊருக்கு அவன் வரவேண்டாம்.

ஒன்ஸ்மோர் என்பது அன்றைக்குச் சட்டம் மாதிரி. ஜனங்கள் கேட்டுவிட்டால் பாடியே தீரவேண்டும். மார்பில் அம்பு தைத்துச் செத்து விழுந்த ராஜா எழுந்து உட்கார்ந்து, பாட்டை முதலிலிருந்து பாடிவிட்டு மறுபடியும் சாவார். யாருக்கும் அது விகற்பமாகப் படாது.

மறுநாள் காலையில் அவன் என்னிடம் வந்து, "ஒம் கித்தார எடு, இலஞ்சி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றான். அங்கே ஒரு தென்னந்தோப்பில், ஓலை அடுக்கிவைத்திருந்த சாய்ப்பின்கீழ் உட்கார்ந்தோம். நாடகத்தில் இறந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தாய் அழும் கட்டம் ஒன்று உண்டு. அந்த முகாரிப் பாட்டை ஒரு கட்டையில் எடுத்தான். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவனுக்கும்தான். கனத்து, ஈரமண் மாதிரி இருந்தது.

ஆனால் கித்தார் சேரவில்லை. நான் தடவும்போதெல்லாம் அழுகிற வீட்டுக்குள் கல்யாணச் சந்தனத்தோடு ஒரு ஆள் நுழைந்தது போலிருந்தது. அவன் பாட்டை நிறுத்திவிட்டு, எந்தத் தந்தி அப்படிச் சிரிக்கிறது என்று கேட்டான். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். காந்தாரம்தான். அவன் பாட்டில் வருவது சின்ன காந்தாரம். நான் கூட்டிவைத்திருந்தது பெரியது. சின்னதாக இறக்கிப் பார்த்தேன். இப்போது ஓயாமல் ஒப்பாரியாக இருந்தது. அவன் அழுவதற்கு முன்பே தந்தி அழுதது.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காந்தாரமே வேண்டாம் என்று அந்தத் தந்தியை முறுக்கி மத்திமத்தில் நிறுத்தினேன். சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், மத்திமம், பஞ்சமம், சட்ஜம். மத்திமமும் பஞ்சமமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று லேசாக உரசின. அந்த உரசலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே விளக்கேற்றாமல் விட்டதுபோல் இருந்தது. அவன் பாடி, சின்ன காந்தாரத்தைத் தொட்ட இடத்தில்தான் அது துக்கம் என்று தெரிந்தது.

அதன்பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. நடுச் சட்ஜத் தந்தியை, கழுத்தின் குறுக்குக் கம்பிகளில் மூன்றாம் மெட்டில் அழுத்தினால் சின்ன காந்தாரம். நான்காம் மெட்டில் பெரியது. அந்தச் சுரத்துக்கு அவன் போன பிறகு நான் போனால் போதும். மோகனம் பாடினால் மத்திமம் ஆகாது. அதை இரண்டு மெட்டு தள்ளி அழுத்தினால் பஞ்சமமாகிவிடும். விரலை எடுத்தால் மறுபடி கதவு திறந்துகொள்ளும். ஒரே தந்தியை மட்டும் மேலே நகர்த்தி, மற்றவை சும்மா ஒலிக்க விட்டால், பாடுகிறவனோடு இரண்டாவது ஆள் ஒருவன் தூரத்தில் நடந்துவருவது போலிருக்கும். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தப்பாகப் போய்ப் போய்க் கண்டது.

தென்னையில் ஏறியிருந்த ஒருவர் ஒருநாள் மேலிருந்து கேட்டார்: "ஏலே, ஊருக்குப் பாடுதியா, ஒனக்கு நீயே சொல்லிக்கிடுதியா? இங்கன ஒண்ணும் எட்டலயே."

அவன் நிமிர்ந்து பார்த்து, "வெட்டுதத நிப்பாட்டினா கேக்கும் அண்ணாச்சி" என்றான். அவர் நிறுத்தினார். கேட்டது.

முதலாளியிடம் சொல்லி, அந்தக் கட்டத்துக்கு மட்டும் ஆர்மோனியம் நிற்க, நான் படுதாவை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மேடைக்கு முன்னால் உட்கார அனுமதி வாங்கினான். முதல் தடவை அவன் பாடியபோது கொட்டகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசியில் வெற்றிலை மெல்லும் சத்தம்கூட இல்லை. பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. பாட்டு முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கைகூடத் தட்டவில்லை.

அவன் வேஷத்தைக் கலைக்காமலே என்னிடம் வந்து, கேட்டார்களா என்று விசாரித்தான். அழுதார்கள் என்றேன். முதலாளி பக்கத்தில்தான் நின்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதைக் கேட்டவன் நேரா வீட்டுக்குப் போயிருவான். நாளைக்கு வரமாட்டான்" என்றார். கெட்ட மனிதர் அல்ல. நாற்பது பேருக்குச் சோறு போடவேண்டியவர்.

இன்னும் இரண்டு முறை அந்த நாடகம் நடந்தது. இரண்டு முறையும் அதே அமைதி.

முகாமின் கடைசி நாடகத்துக்கும் அதையே போட்டார்கள். சாரல் விட்டிருந்தது. குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், கொட்டகை நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவன் பாடியதுபோல் நான் பிறகு எங்கும் கேட்கவில்லை. முடித்துவிட்டு மடியில் கிடந்த துணிக்குழந்தையின் முகத்தை மூடினான். அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு குரல், மரியாதையாகத்தான், "ஒன்ஸ்மோர்" என்றது. பிறகு இன்னொன்று. பிறகு கொட்டகை முழுவதும்.

ஓரத்தில் முதலாளி, பாடு என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன். உடனே முன்வாசிப்பை ஆரம்பித்தேன். சத்தம் அடங்கியது.

அவன் பாட்டை எடுக்கவில்லை. இடம் வந்தது, போயிற்று. இரண்டாம் சுற்று வாசித்தேன். அவன் என்னைப் பார்த்தான். துணியை விலக்கினால் போதும், குழந்தை மறுபடியும் சாகத் தயார். அவன் கை துணிமேலேயே இருந்தது. மூன்றாம் சுற்றிலும் நான் மூன்றாம் மெட்டுக்கு விரலைக் கொண்டுபோகவில்லை. அது அவன் தொடவேண்டிய இடம். ஆறு தந்தியும் சும்மா ஒலித்து ஓய்ந்தன. முதலாளி படுதாவை விடச் சொன்னார்.

பிறகு, ஏன்லே என்று கேட்டேன். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துக்கொண்டே, "ஒரு பிள்ளை ஒரு தடவதாம்ல சாகும்" என்றான். கொஞ்சம் கழித்து, தொண்டையும் இல்லை என்றான். எது முதல் காரணம் என்று நான் கேட்கவில்லை.

காலையில் கொல்லம் போகும் ரயிலில் ஏறினான். அங்கே தெரிந்தவர் யாரும் இருந்ததாகச் சொல்லவில்லை. நான் கம்பெனியோடு அடுத்த ஊருக்குப் போய் இரண்டு மாதம் படுதா இழுத்தேன். முதலாளி ஒருநாள், அவன் இடத்துக்குப் புதிதாக வந்தவனுக்குக் கித்தார் வாசிக்கச் சொன்னார். புதியவன் குரல் நன்றாக இருந்தது. எந்தப் பாட்டுக்கும் எந்தக் காந்தாரம் என்று அவன் தொடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.