முனிராஜ் மாட்டிய சிவப்பு அட்டை

அத்திப்பள்ளி டோல் அருகே கம்பெனி பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பழைய தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "நம்ம டேக் முனிராஜ் காலையில தவறிட்டாரு. மாரடைப்பு." அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்ட விரல் கூசியது. பக்கத்து சீட்காரர், "என்ன சார், ஏசியில இப்படி வேர்க்குது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். முனிராஜ் விஷயத்தில் பொய் சொல்வது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி எழுதிப் படிக்க என்னைக் கேட்டீர்கள். "நீங்கதானே சார் அவருக்கு ரொம்ப நெருக்கம்" என்றீர்கள். வாஸ்தவம்தான். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் தலைவன். சர்வர்கள் அவர் பொறுப்பு. நான் விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், அவர் ஜவளகிரிக்காரர். போனில் மனைவி மஞ்சுளாவிடம் கன்னடம், கேன்டீனில் தெலுங்கு, என்னிடம் தமிழ். ஒன்பது வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவர் டப்பாவில் இருந்த ராகிக்களியைப் பாதிக்கு மேல் தின்றவன் நான்.

அவருக்கு ஏன் 'டேக்' முனிராஜ் என்று பெயர் என்பது புதியவர்களுக்குத் தெரியாது. எந்திரத்தைப் பழுது பார்க்கிறவர் சுவிட்சை அணைத்துவிட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டை ஒன்றை அதில் மாட்ட வேண்டும். அதுதான் டேக். மாட்டியவரே வந்துதான் அதை அகற்ற வேண்டும். கை உள்ளே இருக்கும்போது வேறு யாராவது சுவிட்சைப் போட்டுவிடக் கூடாதே! தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புக்கென்று வந்த இந்த வழக்கத்தை முனிராஜ் சர்வர் அறைக்குக் கொண்டுவந்தார். "கம்ப்யூட்டருக்கு எதுக்குய்யா இது? யார் கை போகப் போகுது?" என்று சிரித்தேன். "கை போவாது சார், பேரு போகும்" என்றார். கேன்டீன் தண்ணீர் ஃபில்டர் கெட்டபோது அதிலும் ஒன்று மாட்டினார். அட்டைக்கயிறில் மூன்று முடிச்சு போடுவார். "மஞ்சுளாவுக்கும் மூணு, இதுக்கும் மூணு. ரெண்டையும் அவுக்க முடியாது" என்பார். கேன்டீனே சிரிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை என் அறைக்கு வந்தார். வெளியிலிருந்து எங்கள் சர்வரோடு பேசும் எவருடைய தகவலையும் பூட்டி அனுப்புகிற மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், திருத்தமும் வந்துவிட்டது என்றார். "தகவலைத் திருடிடுவானா?" என்றேன். "திருட மாட்டான் சார். நம்ம கம்பெனி கேட்டுன்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் வந்து வாட்ச்மேன்கிட்ட பேரு, ஊரு சொல்றான். எழுதி முடிக்கறதுக்குள்ள, 'இல்லண்ணா, மொதல்லேருந்து எழுதுங்க'ங்கறான். அதையே சொல்லிட்டே இருக்கான். வாட்ச்மேன் பழைய பக்கத்தையும் கிழிக்க மாட்டன்றாரு. நோட்டு தீந்துபோச்சு, கேட்டு நின்னுபோச்சு. உள்ள ஒரு போல்ட்டுகூட காணாம போவல. ஆனா ஒரு லாரியும் வெளிய போவாது."

திருத்தத்தைப் போட்டு சர்வரை அணைத்து எழுப்ப வேண்டும். சரக்கு அனுப்பும் எங்கள் பழைய டிஸ்பேட்ச் மென்பொருள் அதை ஏற்குமா என்று பார்க்கவும் நேரம் வேண்டும். ஞாயிறு விடுமுறையில் செய்வது என்று முடிவானது. அதுவரை வெளி இணைப்பு வேண்டாம், ஆர்டர்களைப் போனில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் சம்மதித்தேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சம்மதித்தவன் நான். அவர் கேபிளைப் பிடுங்கி, அதன் நுனியில் சிவப்பு அட்டையைக் கட்டினார். 'திருத்தம் பாக்கி. சொருகாதே. முனிராஜ்.' மறுநாள் அவர் மச்சினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. லீவு போட்டிருந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், எங்கள் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து நான்கு பேர் வந்து நின்றார்கள். அவர்கள் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர்கள் லேப்டாப்பிலேயே பார்க்க வேண்டுமாம். 'இணைப்பில் பழுது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கௌரவம்! அரை மணி நேரம்தானே என்று சர்வர் அறைக்குப் போனேன். அந்த மூன்று முடிச்சையும் அவிழ்க்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. நகம் வலித்தது. யோசிக்க ஐந்து நிமிடம் தாராளம். நான் யோசிக்கவில்லை. அட்டையைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு கேபிளைச் சொருகினேன். அவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள், நானே ஓட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். கேபிளை மறந்தே போனேன்.

திரும்பி வந்தபோது கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. டிஸ்பேட்ச் சீட்டு அச்சாகவில்லை. சர்வர் உறைந்துபோயிருந்தது. எங்கிருந்தோ யாரோ அந்த ஓட்டையில் விரலை விட்டிருந்தான். அவனுக்கு எங்களைத் தெரிந்துகூட இருக்காது. முனிராஜ் பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு, தளியில் பஸ் மாறி ஓடி வந்தார். பந்தியில் பாதியில் எழுந்து வந்தவர். கேபிள் சொருகியிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சார், இதுல டேக் இருந்துச்சே?"

"நான் பாக்கலையே" என்றேன். அட்டை என் பையில் இருந்தது.

அவர் நேரே வேலையில் இறங்கினார். கேபிளைப் பிடுங்கினார், திருத்தத்தைப் போட்டார், சர்வரை எழுப்பினார். மாலை லாரிகள் போயின. ஆனால் வாடிக்கையாளரின் தொழிற்சாலை அரை நாள் நின்றுவிட்டது. திங்கட்கிழமை விசாரணை.

பிளான்ட் மேனேஜர் கேட்டார்: "லைனைப் பிடுங்கிட்டுத்தான் போனியா?" "புடுங்கினன் சார்." "அப்ப டேக் எங்க?" முனிராஜ் என்னைப் பார்த்தார். நான் ஏசி ரிமோட்டைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழம காலையில ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வந்து ஒரு டெஸ்ட் பண்ணினன். அப்ப டேக்கைக் கழட்டி லைனைச் சொருகினன். திரும்பப் புடுங்கி டேக்கை மாட்டினன்னுதான் ஞாபகம். ஆனா ரூல்படி மாட்டினவன்தானே கழட்ட முடியும்? அப்படின்னா நான்தான் புடுங்காம, மாட்டாம போயிருப்பன். எழுதிக்குங்க சார்."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். இல்லை, குத்திக்காட்டுகிறார் என்றும் நினைத்தேன். இரண்டில் எதுவானாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதே எனக்கு வசதி. கவனக்குறைவு என்று அவர் கோப்பில் எழுதினார்கள். அதன் கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அதற்குப் பிறகு அவர் எதிலும் அட்டை மாட்டவில்லை. ஐந்து மாதத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன கம்பெனிக்குப் போய்விட்டார்.

போன வருடம் ஒரு நாள் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, சற்றுத் தயங்கி, "சார், அந்த டேக் கெடச்சுதா?" என்றார். என்னைக் கிண்டுகிறார் என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எந்த டேக்?" என்றேன். "ஒண்ணுமில்ல சார். சாப்டீங்களா?" என்று வைத்துவிட்டார்.

சாவு வீட்டுக்கு ஜவளகிரி போயிருந்தேன். மஞ்சுளாம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இவருக்கு அங்கியே மறதி இருந்துச்சுங்களா? அந்த டேக் விசயத்துலருந்து தன்னையே நம்ப மாட்டாரு. வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து இழுத்துப் பாப்பாரு. கேஸை மூடினியா, நான் மூடினனான்னு ஒரு நாளைக்குப் பத்து வாட்டி. அவங்கப்பாவுக்குப் புத்தி மங்குனாப்ல தனக்கும் ஆவுதுன்னு பயந்துகிட்டே இருந்தாரு. 'மாட்டினது கண்ணுக்குள்ளியே இருக்குது மஞ்சுளா, ஆனா இல்லையே'ம்பாரு."

அவர் என்னைக் காப்பாற்றவும் இல்லை, குத்தவும் இல்லை. நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பியிருக்கிறார். சார் பார்க்கவில்லை என்றால் அது அங்கே இருந்திருக்காது என்று தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அந்தப் போன் கிண்டல் இல்லை. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒரு மனிதர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பாவி, நான் எந்த டேக் என்று கேட்டேன்.

அன்று சாவு வீட்டுக் கூட்டத்தில் மஞ்சுளாம்மாவிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "அவர் மறதிக்காரர் இல்லம்மா" என்று மட்டும் முனகிவிட்டு வந்தேன். அது போதாது. அதனால்தான் மஞ்சுளாம்மாவும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இங்கே, விசாரணை நடத்தியவரும் வந்திருக்கும் இங்கே, இதைப் படிக்கிறேன். அட்டையை நான் எறியவில்லை. எறியவும் பயம். இத்தனை வருடமும் என் மேஜை டிராயரின் அடியில் கிடந்தது. அதில் கீழே இரண்டு கட்டம் உண்டு. 'மாட்டியவர்' என்ற கட்டத்தில் முனிராஜின் குண்டு குண்டான எழுத்து. 'அகற்றியவர்' என்ற கட்டம் காலியாகவே இருந்தது. இன்று காலை அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்து முடித்ததும் அதை மஞ்சுளாம்மா கையில் கொடுப்பேன். முனிராஜின் கோப்பிலும் இதைத் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அட்டை போய்விட்டால், முனிராஜிடமிருந்து என்னிடம் மிஞ்சுவது போனில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

கிடைத்தது, முனிராஜ். நீங்கள் மாட்டிவிட்டுத்தான் போனீர்கள். மூன்று முடிச்சும் இருந்தது.