இறக்கிய கோப்புக்கு ஊர், பேர் உண்டா?

கல்லூரி நூலகர் என்றால் புத்தகம் அடுக்குபவர் என்று ஊர் நினைக்கிறது. என் நாளில் பாதி, ஆய்வு மாணவர்கள் இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு அப்பா அம்மா யாரென்று விசாரிப்பதில் போகிறது. மேற்கோள் பட்டியல் போட்டு முழி பிதுங்கியவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற முடியும்.

முகவரி

ரேவதி மண்ணூர்பேட்டையில் பிறந்து திருநின்றவூரில் வாக்கப்பட்டவள். அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய கிணறுகளில் மழைக்குப் பின் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நீர்மட்ட அட்டவணைக்கு ஆதாரமாக அவள் எழுதியிருந்தது இணைய முகவரி இல்லை; தன் லேப்டாப்பில் கோப்பு கிடக்கும் இடம். டவுன்லோட்ஸ், அதற்குள் 'புதுசு', அதற்குள் 'ரொம்பப் புதுசு'.

"தேர்வாளர் இதைப் பார்க்கணும்னா எங்கேம்மா போவார்?" என்றேன்.

"அவரு இன்னாத்துக்கு மேடம் அலையணும்? நானே லேப்டாப்ப தூக்கினு வந்து காட்டிடறேன்."

மூன்று சாட்சிகள்

அதே பட்டியலில் ஒரே அறிக்கை மூன்று தடவை. மறுபடி மறுபடி இறக்கியதில் கணினி கோப்பின் பெயருக்குப் பின்னால் எண் போட்டிருக்கிறது. இவள் தனித்தனி ஆதாரமாக்கிவிட்டாள். இரண்டை அடித்தேன். முகம் வாடிப்போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ரயில்ல நின்னுகினே இறக்கினது மேடம், நெட்டு புட்டுகினு புட்டுகினு வந்துச்சு. அந்தக் கஷ்டத்துக்கு ஒண்ணாச்சும் வுட்டு வைங்களேன்."

எடுத்த சொல்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாதம். அது தவறினால் பதிவே காலாவதி. அப்போது பார்த்து அவளுடைய கைடு, அவள் திருத்தி எழுதிய முகவரியில் போய் நீர்மட்ட அட்டவணையைத் திறந்திருக்கிறார். அதே முகவரி, அதே தலைப்பு, எண்கள் மட்டும் வேறு. "நீயே போட்ட நம்பரா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நூலகத்துக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவள் இறக்கிய மூலக் கோப்பைத் திறக்கச் சொன்னேன். அட்டவணைத் தலைப்பிலேயே 'தற்காலிகம், திருத்தத்துக்கு உட்பட்டது' என்று இருந்தது. வெளியிட்டவர்களே பிறகு எண்களைத் திருத்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆய்வேட்டில் அந்த வரி இல்லை. இறக்கிய தேதியும் இல்லை. "அந்த வரி எங்கேம்மா?"

"அது இருந்தா நம்மள யாரும் நம்ப மாட்டாங்கன்னு நான்தான் எடுத்துட்டேன் மேடம்."

இரண்டு அட்டவணை

பழையதைத் 'தற்காலிகம்' என்ற பெயரோடும், திருத்தியதை அதன் பக்கத்திலும் போட்டாள். இரண்டுக்கும் இறக்கிய தேதி. வரைபடம் எல்லாவற்றையும் திருத்திய எண்களை வைத்து மறுபடி போட்டாள். ஆய்வின் முடிவு நின்றது, கொஞ்சம் இளைத்துப்போய். கைடு கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வன்று தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "பழைய கணக்கில் முடிவு பலமாக இருந்ததே, ஏன் விட்டுவிட்டீர்கள்?" பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். பதற்றத்தில் அவளுக்கு வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"தண்ணி அவ்ளோதான் சார் ஏறிகீது. அதுக்கு மேல நான் எப்டி ஏத்தறது?"

கிணற்றில் தண்ணீர் ஏறி இறங்குவது ஊருக்கே தெரியும்; அதைச் சொல்லும் அட்டவணையும் ஏறி இறங்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாம்தான்.