வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரி

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயாளி ஒருவர்கூடச் செத்ததில்லை. இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. அங்கிருந்த டாக்டரே பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

அது யுத்த காலம். பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் எங்கள் ஊர். ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தது என்பது வேண்டாம். விடியலில் வண்டி பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே செத்தவர்களை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. எல்லையிலேயே இறக்கி, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சொந்த வாசலில் கிடத்தி அழுகிற பாக்கியம் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு முடியாமல் போகிறது என்று தெரிந்தால், உயிர் இருக்கும்போதே வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

டாக்டர் வெளியூர்க்காரர் என்றாலும் இந்த வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார். நம்பிக்கை இல்லை என்றால் குழலைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, சிரித்த முகமாக, “வூட்டுச் சாப்பாடு சாப்பிட்டாத் தேறிடுவாங்க” என்பார். அதைக் கேட்டதும் உறவில் ஒருவர் வண்டி பூட்டப் போவார், இன்னொருவர் பாடைக்கு மூங்கில் வெட்டப் போவார். நோயாளி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருவார். ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஊர் வழக்கம் தப்பவில்லை, டாக்டருக்கும் பேர் கெடவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு, செத்தவரைத் தவிர.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் என் மாமியாருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும். கேழ்வரகு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். எங்கள் இருவருக்கும் அதுவரை ஆகாது. நான் கடைந்த கீரை ஒரு நாளும் அவர் வாய்க்குப் பிடித்ததில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு ஆள் இல்லாததால் நான்தான் போனேன்.

மிக்சர் என்று கறுப்பாக ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு ஓர் ஊசி. அந்த ஊசி போட்ட நாளெல்லாம் மூத்திரச் சட்டி எடுப்பதும் வைப்பதுமாக என் இடுப்பு ஒடிந்தது. ஆனால் வீக்கம் வடிந்தது. உப்பில்லாத களி தின்னும்போது மட்டும் என்னைத் திட்டினார். திட்டுகிற அளவுக்கு மூச்சு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவரே பேச்செடுத்தார்.

“ஏம்மா, எனக்கு ரெண்டே ஆசதான். மூச்சு முட்டாமப் போவணும். எம் வாசல்லருந்து போவணும்.”

“ரெண்டும் நடக்கும், அத்தெ.”

“எங்க நடக்குது? மூச்சு இங்க இருக்குது, வாசல் அங்க இருக்குது.”

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வரப்போவதாகச் செய்தி வந்தது. சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் நெஞ்சு நோயாளிகளுக்கு எப்படி வைத்தியம் நடக்கிறது, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவராம். இந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் சாவதில்லை என்று கேள்விப்பட்டு, அந்த அதிசயத்தை நேரில் பார்க்க வருகிறாராம். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கட்டிலுக்குப் புதுத் துப்பட்டி விரித்தார்கள். மாமியார் பாதி தேறியிருந்தார். ஆனால் பாதி தேறியவர் அதிசயம் பார்க்க வந்தவர் முன்னால் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆவது? டாக்டர் குழலைக் கழற்றினார்.

“வூட்டுச் சாப்பாடு சாப்பிட்டாத் தேறிடுவாங்க.”

ஊருக்குள் வண்டி நுழைந்தபோதே வாசலில் மூங்கில் வந்து கிடந்தது. உறவெல்லாம் கூடிவிட்டது. சாகப்போகிறவருக்கு மிக்சர் எதற்கு என்று புட்டியைக் கூரை எறவாணத்தில் சொருகினார்கள். கடைசி ஆசையாயிற்றே என்று ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள், இன்னொருத்தி எலுமிச்சை ஊறுகாய். “உப்பு ஆகாதுங்க, டாக்டர் சொல்லியிருக்கறாரு” என்று நான் கெஞ்சினேன். “மாமியாளுக்குக் கடசீ வாய்ச் சோறுகூடப் போட மாட்டேங்கறா பாரு” என்று என் காதுபடவே பேசினார்கள். மாமியாரும் சும்மா இருந்தாரா? இத்தனை நாள் கழித்து உப்பைக் கண்டவர் வழித்து வழித்துச் சாப்பிட்டார். அவர்கள் எதிர்பார்த்தபடி அவர் சாகவில்லை. காலும் வயிறும் பழையபடி வீங்கின. மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

நான் என் வீட்டுக்காரரிடம் வண்டி பூட்டச் சொன்னேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை எங்கள் பக்கத்தில் கிடையாது. பெரியவர்கள் வழிமறித்தார்கள். “அங்க செத்துட்டா எல்லையோட சரி” என்றார்கள். மாமியார் பேச முடியாமல் கையால் என்னைக் காட்டி, போகட்டும் என்று சைகை செய்தார். அந்தக் கை எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் போய் நின்றபோது வாசலில் மாவிலைத் தோரணம். மெட்ராஸ் டாக்டர் வந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தோம். எங்கள் டாக்டர் ஓடிவந்து வண்டியை மறித்தார். “எடமில்லீங்க. ரெண்டு நாள் வூட்டுலயே வெச்சுப் பாருங்க” என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் வெள்ளைக் கோட்டு மாட்டிய பெரியவர் வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் வராது. இந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

மாமியார் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “இங்க யாரும் சாவறதில்லீங்க, சாமி. சாவறவங்கள முன்னாடியே அனுப்பிச்சிருவாங்க.”

எங்கள் டாக்டர் துளியும் தயங்கவில்லை. இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். டாக்டர் சொன்னதை அவர் அப்புறம் எனக்குச் சொன்னார்: “இங்கே எல்லாரும் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன், நன்றி சொல்ல வந்தேன் என்கிறாள்.”

மெட்ராஸ் டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து மாமியாரின் காலை அழுத்திப் பார்த்தார். விழுந்த குழியைப் பார்த்தவர் மலர்ச்சி குறைந்து, இவ்வளவு நம்பிக்கை வைத்து வந்தவளை உடனே உள்ளே சேர்த்து, முழுக்கக் குணமாகும் வரை வைத்திருங்கள் என்று உத்தரவு போட்டார். உண்மையைச் சொல்லி நாங்கள் வாங்க முடியாத கட்டிலை ஒரு பொய் வாங்கிக் கொடுத்தது. புதுத் துப்பட்டி போட்ட கட்டில்.

மறுபடி ஊசி போட்டார்கள், மறுபடி சட்டி எடுத்தேன். ஆனால் இந்த முறை உடம்பு முழுக்கத் திரும்பவில்லை. மூச்சு மட்டும் முட்டவில்லை. தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து, என் கீரையைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு விடியற்காலையில் பாதிக் குறையிலேயே பேச்சு நின்றது. உட்கார்ந்தபடியே போய்விட்டார். முகத்தில் ஒரு சிரமமும் இல்லை.

டாக்டர் வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். குழலை வைத்துப் பார்த்தார். பிறகு கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். குரலில் மட்டும் கொஞ்சம் நடுக்கம்.

“வூட்டுச் சாப்பாடு சாப்பிட்டாத் தேறிடுவாங்க.”

எங்களுக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் வண்டியைக் கட்டிடத்துக்குப் பின்புறம் கொண்டுவந்தார். மாமியாரை எப்போதும் போல உட்கார வைத்து, முதுகுக்கு வைக்கோல் மெத்தை கொடுத்து, நான் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். படுக்காத நோய் அது. அவர் உட்கார்ந்து வருவது யாருக்கும் புதிதில்லை. வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை.

ஊர் எல்லையில் பங்காளிகள் நின்றிருந்தார்கள்.

“எப்பிடி இருக்குது?”

“தேவலைங்க. அசந்து தூங்கறாங்க” என்றேன்.

வழி விட்டார்கள். வண்டி நேராக வாசலுக்குப் போனது. நானும் என் வீட்டுக்காரருமாகத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தோம். வாயில் தண்ணீர் விட நான் சொம்பு எடுக்கப் போனபோது, அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மாமியாரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியிலருந்து வந்தவங்கள்ல உங்கத்த ஒருத்தருதாம்மா மூச்சு வாங்காம வந்து எறங்கியிருக்கறாங்க.”

“ஆமாங்க” என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.